ஜூலையில் ஸ்வெட்டர்: சில கடற்கரைகளில் கோடை ஏன் குளிர்கிறது?

ஜூன் மாதம் பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியா கிளம்பும் பெற்றோர் பெட்டியில் பருத்திப் புடவையும் அரைக்கைச் சட்டையுமாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அப்போது போனில் மகன் சொல்வான்: “அம்மா, ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ. சான் பிரான்சிஸ்கோ போனா வேணும்.” அம்மாவுக்கு நம்பிக்கை வராது. சான் ஹோசேயில் வந்து இறங்கினால் வெயில் நன்றாகவே அடிக்கும், மகன் சும்மா சொன்னான் என்றே தோன்றும். பிறகு ஒரு சனிக்கிழமை காரில் ஒரு மணி நேரம் வடக்கே போய் கோல்டன் கேட் பாலத்தருகே இறங்கும்போதுதான் விஷயம் புரியும். 227 மீட்டர் உயரமுள்ள பாலக் கோபுரங்கள் பனிமூட்டத்துக்குள் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். காற்று காதைப் பிய்க்கும். பக்கத்துக் கடைகளில் ஊர் பெயர் போட்ட ஸ்வெட்சர்ட்டுகள் நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. அங்கிருந்து 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சாக்ரமெண்டோவில் அதே மாதச் சராசரி 33 டிகிரி. இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே போய் வந்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோவின் வெப்பமான மாதம் ஜூலையும் இல்லை, ஆகஸ்டும் இல்லை. செப்டம்பர்.

கடல் பக்கத்தில் இருந்தால் குளிரத்தானே செய்யும் என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் சென்னையும்தான் கடல் பக்கத்தில் இருக்கிறது. மே மாதம் மதியம் கடற்காற்று உள்ளே வந்தால் 40 டிகிரி 35 ஆகும், அவ்வளவுதான். காரணம் எளியது. அந்தப் பருவத்தில் சென்னைக் கரையோரக் கடல்நீரே 29 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வழியில்லை. சான் பிரான்சிஸ்கோ கரையோரத்தில் கோடைக் கடல்நீர் 12 முதல் 14 டிகிரி. ஜூலையிலும் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் உடல் முழுக்க மூடும் ரப்பர் உடை போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். ஆக, முதலில் பார்க்க வேண்டியது வானத்தை அல்ல. அந்தக் கடல் ஏன் அப்படிக் குளிர்ந்து கிடக்கிறது என்பதைத்தான்.

வடக்கேயிருந்து தெற்கு நோக்கி ஓடும் கலிபோர்னியா நீரோட்டம் அலாஸ்காவின் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. நீரோட்டம் மட்டும்தான் காரணம் என்றால் குளிர்காலத்தில் கரையோர நீர் இன்னும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வடக்குக் கலிபோர்னியாக் கரையில் நீர் மிகக் குளிர்வது பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான். கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் போனால் நீர் கரையோரத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. குளிர் கரையை ஒட்டிய ஒரு பட்டையில்தான் அடைந்து கிடக்கிறது. அது அடியிலிருந்து வரும் குளிர்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு துருவப் பயணத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். 1893 முதல் 1896 வரை நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென் ஃபிராம் என்ற கப்பலை ஆர்க்டிக் பனிக்கட்டிக்குள் வேண்டுமென்றே சிக்கவைத்து, பனி போகிற போக்கில் மிதந்து போனார். பனிக்கட்டி காற்று வீசும் திசையிலேயே நகராமல் அதற்கு வலப்பக்கமாக 20 முதல் 40 டிகிரி விலகி நகர்வதை அவர் கவனித்தார். பூமி சுழல்வதால் ஏற்படும் விலகல் இது என்று ஊகித்தவர், கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி விஷயத்தை ஸ்வீடனில் எக்மான் என்ற இளம் மாணவர் கைக்குப் போகச் செய்தார். எக்மானின் கட்டுரை 1905இல் வந்தது. காற்று நீரின் மேற்பரப்பைத் தள்ளுகிறது. மேலடுக்கு கீழடுக்கை இழுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் பூமியின் சுழற்சியால் இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. மேலே சில பத்து மீட்டர் நீரை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், வடக்கு அரைக்கோளத்தில் அது காற்றுக்கு நேர் வலப்பக்கமாக, செங்குத்தாக நகர்கிறது. இதுதான் எக்மான் கண்டது.

இனி கலிபோர்னியாவுக்கு வருவோம். கோடையில் வடக்குப் பசிபிக் மேல் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் சுற்றும் திசையில் வீசும். அதன் கிழக்கு ஓரத்தில்தான் கலிபோர்னியா. அதனால் கரையோரமாக வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வாரக்கணக்கில் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றுக்கு வலப்பக்கம் எது? திறந்த கடல். மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகிக் கடலுக்குள் போகிறது. போன இடத்தை நிரப்ப 100, 200 மீட்டர் ஆழத்தில் வெயிலே படாமல் கிடந்த குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. கோடை வெயில் மேலே எவ்வளவு காய்ந்தாலும் பயனில்லை. சூடான நீர் தள்ளிப் போய்விடுகிறது, புதிய குளிர்நீர் வந்துகொண்டே இருக்கிறது.

ஆழ்நீர் குளிரோடு நிற்பதில்லை, உரமும் கொண்டுவருகிறது. அடியில் மக்கிக் கிடந்த சத்துகள் வெளிச்சத்துக்கு வந்ததும் மிதவைப் பாசிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன, நெத்திலியும் மத்தியும் பெருகுகின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கும் மான்டரே விரிகுடாவுக்குக் கோடையில் நீலத் திமிங்கிலங்கள் வந்து மேய்வதற்கு இந்த நீர்தான் காரணம். நம் கேரளக் கரையிலும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சிறிய அளவில் இதே வேலை நடக்கிறது. மத்தி மீன் பிடிப்புக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சரி, குளிர்ந்த கடல் கிடைத்தாயிற்று. பனிமூட்டம் எங்கிருந்து வருகிறது? தூரப் பசிபிக்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று கரையோரக் குளிர்ப் பட்டையின் மேல் வரும்போது சட்டென்று குளிர்கிறது. அதிலிருக்கும் நீராவி துளிகளாகிறது. அப்படித் திரளும் மேகம் தரையைத் தொட்டால் பனிமூட்டம், கொஞ்சம் மேலே நின்றால் தாழ்ந்த சாம்பல் மேகம். கீழே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், வெயில் இல்லை.

இந்த மேகம் ஏன் மேலே கிளம்பிக் கலைந்து போவதில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. முன்பு சொன்ன உயர் அழுத்த மண்டலத்தில் மேல்காற்று மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி. அது கடல் வரை வந்து சேர்வதில்லை. கீழே கனமான குளிர்காற்று படுத்திருப்பதால் அதன் மேல் வந்து நின்றுவிடுகிறது. விளைவு, கீழே குளிர், மேலே சூடு. வழக்கமாக உயரே போகப் போகக் குளிரும், இங்கே தலைகீழ். சட்டிக்கு மூடி போட்டதுபோல் குளிர்காற்று அந்தச் சூடான அடுக்குக்கு அடியில் அடைபடுகிறது. கடல் மேல் படிந்த இந்தக் குளிர் அடுக்கை அங்கே ‘மெரைன் லேயர்’ என்பார்கள். அதன் தடிமன் பல நாட்களில் 300 முதல் 600 மீட்டர் வரை இருக்கும். பாலத்துக்கு வடக்கே இருக்கும் டமல்பாயஸ் மலையின் உச்சி 784 மீட்டர். கோடைக் காலையில் அடிவாரத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குபவர் உச்சிக்குப் போனதும் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார். காலுக்குக் கீழே பஞ்சுக் கடல், தலைக்கு மேலே நல்ல வெயில்.

அடுத்து நிலம். கடற்கரையை ஒட்டி ஒரு மலைத்தொடர். அதற்கு அப்பால் 700 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் மத்தியப் பள்ளத்தாக்கு. கோடையில் அந்தப் பள்ளத்தாக்கு காய்ந்து 35, 40 டிகிரிக்குப் போகிறது. சூடான காற்று மேலே எழுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கடல் மேல் அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு, நடுவே மலை. மலையில் கடல் மட்டத்துக்கே இறங்கும் பெரிய இடைவெளி அநேகமாக ஒன்றே ஒன்று, அதுதான் பாலத்துக்கு அடியில் இருக்கும் கோல்டன் கேட் நீரிணை. கடலோரக் குளிர்காற்று முழுவதும் அந்த வாசலைத் தேடி வருகிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் கடந்து, சாக்ரமெண்டோ ஆற்று டெல்டா வழியாகப் போய், மாலையில் சாக்ரமெண்டோவைக் கொஞ்சம் குளிர்விக்கிறது. அங்கே ‘டெல்டா பிரீஸ்’ வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்கள். கிழக்கே ஆல்டமாண்ட் கணவாயில் நிற்கும் காற்றாலைகள் கோடை மாலைகளில் சுற்றோ சுற்றென்று சுற்றுவதும் இதே காற்றால்தான். வானிலைக்காரர்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை ஒரு எண்ணாகப் பார்த்து, இன்று காற்று எவ்வளவு உள்ளே போகும் என்று கணிக்கிறார்கள்.

நகரத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. சான் பிரான்சிஸ்கோ அந்தப் பக்கம் 11 கிலோமீட்டர், இந்தப் பக்கம் 11 கிலோமீட்டர், அவ்வளவு சின்ன ஊர். ஆனால் நடுவே ட்வின் பீக்ஸ் குன்றுகள். குன்றுக்கு மேற்கே இருக்கும் சன்செட் பகுதியில் வாரக்கணக்கில் சூரிய அஸ்தமனமே தெரியாது, பெயர் மட்டும் சன்செட். குன்றுக்குக் கிழக்கே மிஷன் பகுதியில் அதே நேரத்தில் மக்கள் பூங்காவில் படுத்து வெயில் காய்வார்கள். வாடகைக்கு வீடு தேடுபவர்கள் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. தெற்கே சலினாஸ் பள்ளத்தாக்கில் கீரை, லெட்யூஸ், ஸ்ட்ராபெரி எல்லாம் கோடையிலும் வாடாமல் விளைவதற்குக் காரணமும் இந்தக் கடற்குளிர்தான்.

இந்த அமைப்புக்கு ஒரு தாளம் உண்டு. உள்நாடு சூடேறும், கடற்காற்று ஓடி வரும், மெரைன் லேயர் உள்ளே பரவும், பள்ளத்தாக்கும் சற்றுக் குளிரும். குளிர்ந்ததும் இழுப்பு குறையும், பனிமூட்டம் பின்வாங்கும், கரையில் ஓரிரு நாள் வெயில் அடிக்கும். பள்ளத்தாக்கு மறுபடி காயும். சில நாட்களுக்கு ஒருமுறை இப்படி மாறி மாறி நடப்பதுதான் வழக்கமான கோடை.

இதுவரை சொன்னது ஆண்டுதோறும் நடப்பது. சில ஆண்டுகளில் மட்டும் கோடை வழக்கத்தைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறதே, அது ஏன்? உள்ளே சூடு அதிகமானால் கரை குளிரும் என்ற சூத்திரத்தை இங்கேயும் போட்டு, அந்த ஆண்டு உள்நாடு ரொம்பச் சூடாக இருந்திருக்கும் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2010ஐ எடுத்துப் பார்த்தால் தெரியும்.

2010 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கலிபோர்னியாக் கரை நெடுகப் பனிமூட்டம் விலகாமல் கிடந்தது. உள்நாடும் பெரிதாகச் சூடேறவில்லை. காரணம் மேலே இருந்தது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் நேர்கோட்டில் ஓடுவதில்லை, வளைந்து நெளிந்து ஓடும். வடக்கே வளைந்து ஏறும் இடத்துக்கு அடியில் வெப்பம், தெற்கே தொய்ந்து இறங்கும் இடத்தில் குளிர். அந்தக் கோடையில் தொய்வு அமெரிக்க மேற்குக் கரைமேல் வந்து, போகாமல் திரும்பத் திரும்ப அங்கேயே அமைந்தது. தொய்வுக்கு அடியில் காற்று கீழே இறங்கி அழுத்துவது குறைகிறது. மூடி உயர்கிறது. குளிர் அடுக்கு வழக்கத்தைவிட நன்றாகத் தடித்து, மலைகளைத் தாண்டி உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்குகிறது. காலையில் சாரல்கூட விழும். மதியத்துக்குள் கலைய வேண்டிய மேகம் தடித்திருப்பதால் மாலை வரை கலைவதில்லை. முன்பு சொன்ன தாளம் நின்றுபோய், ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது.

கடலும் சேர்ந்துகொண்டது. 2009–10 குளிர்காலத்தில் எல் நினோ, அதாவது நடுப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இருந்தது. 2010 கோடைக்குள் அது போய், அதற்கு நேர்மாறாகக் குளிரும் லா நினா வந்துவிட்டது. லா நினா ஆண்டுகளில் கலிபோர்னியாவை ஒட்டிய கடல் சராசரியைவிடக் குளிர்ந்திருக்கும் போக்கு உண்டு. குளிர்ந்த கடல், தடித்த அடுக்கு, மேலே நகராத தொய்வு. ஒன்று இருந்தாலே கோடை மந்தமாக இருக்கும், அந்த ஆண்டு மூன்றும் வந்தன.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நாபா, சொனோமா பகுதித் திராட்சைத் தோட்டக்காரர்கள் பாடுதான் பாவம். பழம் கனியவில்லையே என்று, வெயில் நன்றாகப் படட்டும் என்பதற்காகக் கொத்துகளைச் சுற்றியிருந்த இலைகளைப் பலர் கிள்ளி எடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் திடீரென்று சில நாள் கடும் வெப்பம் வந்தது. நிழலில்லாத திராட்சை கொடியிலேயே வெந்து உலர்ந்தது. தெற்கே லாஸ் ஏஞ்சலிஸ் நிலைமை இன்னும் விசித்திரம். கோடை முழுக்கச் சாம்பல் வானத்தைப் பார்த்த நகரம், செப்டம்பர் 27 அன்று 45 டிகிரியைத் தொட்டது. நகர மையத்தில் அதுவரை பதிவானதிலேயே அதிகமான வெப்பம் அது.

இப்படி ஒரு கோடை வந்தால் ‘புவி வெப்பமாதல் எங்கே போயிற்று?’ என்று கேட்க ஆள் இருக்கும். ஜெட் காற்றோட்டத்தின் வளைவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஓரிடத்தில் தொய்ந்தால் இன்னோரிடத்தில் ஏற வேண்டும். அதே 2010 ஜூலையில் ரஷ்யாவின் மேல் ஒரு வளைவு வாரக்கணக்கில் ஏறி நின்றது. ஜூலை 29 அன்று மாஸ்கோவில் 38.2 டிகிரி. காட்டுத்தீ, புகை, ஆயிரக்கணக்கில் மரணங்கள். உலகச் சராசரியைக் கணக்கிட்டபோது, அதுவரை பதிவான மிக வெப்பமான ஆண்டுகளின் வரிசையில் 2010 முதலிடத்தை 2005உடன் பகிர்ந்துகொண்டது. ஒரு கடற்கரையின் ஸ்வெட்டரை வைத்து உலகத்துக்குக் காய்ச்சல் பார்க்க முடியாது.

2010க்குப் பிறகும் இது நடந்திருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் மே, ஜூன் மாதச் சாம்பல் வானத்துக்கு ‘மே கிரே’, ‘ஜூன் குளூம்’ என்று பெயரே உண்டு. 2023இல் அது வழக்கத்தைவிட நீண்டு மக்களைச் சலிப்படையச் செய்தது. 2025 கோடையின் முதல் பாதியில் சான் பிரான்சிஸ்கோ மறுபடி நடுங்கியது.

எல்லாம் எதிர்மாறாகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 செப்டம்பர் 1 அன்று மேற்குக் கரையின் மேல் பெரிய வெப்ப வளைவு ஒன்று ஏறி நின்றது. காற்று கடலிலிருந்து வருவதற்குப் பதிலாக நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. மெரைன் லேயர் நசுங்கிக் காணாமல் போனது. சான் பிரான்சிஸ்கோ மையத்தில் 41 டிகிரி, அந்த ஊர் வரலாற்றில் இல்லாதது. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. தேவைப்பட்டதே இல்லையே! குளிர்ந்த கடல் நகரத்து வாசலிலேயே கிடந்தும் அன்றைக்குப் பயன்படவில்லை, காற்று திசை மாறிவிட்டதால்.

கலிபோர்னியாவுக்கு மட்டும் உரிய அதிசயமும் அல்ல இது. பெரு நாட்டின் லிமா, நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் இரண்டும் பாலைவனக் கரையில் இருந்தும் குளிர்ந்த கடலால் மூட்டம் போட்ட ஊர்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு ஓமனின் சலாலா தெரிந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மற்ற இடங்களில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது, சலாலாவில் தூறலும் பனிமூட்டமும் பச்சை மலையும் 30 டிகிரிக்குள் அடங்கிய வெயிலுமாக இருக்கும். அந்தப் பருவத்துக்குக் ‘கரீஃப்’ என்று பெயர். விடுமுறை கிடைத்தால் மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கேரளாவுக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் சோமாலியா, ஓமன் கரைகளுக்கு இணையாக வீசி, எக்மான் சொன்னபடி மேல்நீரை வலப்பக்கம் கடலுக்குள் தள்ளி, அடிநீரை மேலே கொண்டுவருகிறது.

சூடாகும் உலகில் இந்தக் கரைகள் என்ன ஆகும் என்பதில் ஆய்வாளர்களிடையே சுவாரசியமான இழுபறி இருக்கிறது. 1990இல் ஆண்ட்ரூ பாகுன் என்ற கடலியல் ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும், அழுத்த வேறுபாடு கூடும், கரையோரக் காற்று வலுக்கும், ஆழ்நீர் இன்னும் அதிகமாக மேலே வரும், அதாவது கரை குளிரக்கூடும். மறுபக்கம், 2010இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய விமான நிலைய மேகப் பதிவுகளையும் வெப்பநிலைப் பதிவுகளையும் புரட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாக் கரையின் கோடைப் பனிமூட்டம் சுமார் 33 சதவீதம் குறைந்துவிட்டது என்று கணக்கிட்டார்கள். கடல் மொத்தமாகச் சூடேறுவதும், 2014 முதல் 2016 வரை ‘பிளாப்’ என்று பெயர் வாங்கிய வெந்நீர்த் திட்டு போன்றவை வந்து அமர்வதும் பாகுன் சொன்னதற்கு எதிர்த்திசையில் இழுக்கின்றன.

மூட்டம் குறைந்தால் சுற்றுலாக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். ரெட்வுட் மரங்களுக்கு அப்படி இல்லை. உலகின் மிக உயரமான மரம், 115 மீட்டரைத் தாண்டியது, இந்தக் கரையில்தான் நிற்கிறது. இங்கே கோடையில் மழை மிகக் குறைவு. பனிமூட்டம் ஊசி இலைகளில் திரண்டு சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது, இலைகளும் நேரடியாகக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரு ரெட்வுட் மரம் ஆண்டு முழுக்கக் குடிக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கிடைப்பது.